மலைவழிச் சைக்கிளோட்டம்

சமவெளியிற் பிறந்து வளர்ந்த எமக்குச் சைக்கிள் விடுதல் கற்றற்குரிய ஒரு கலையென்று ஒருபோதும் தோன்றியதில்லை. சிறுவயதில் தந்தையாரது வண்டியிற் குரங்குப் பெடல் மிதித்துப் பழகியதோடு கல்வி முற்றிற்றென்றே எண்ணியிருந்தோம். சென்ற கோடை விடுமுறையிற் கோத்தகிரிக்குச் சென்று, தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் இரவல் மலைச்சைக்கிளொன்றை ஓட்டியபோது அவ்வெண்ணம் மூன்றே நாளில் ஒழிந்தது.

இவ்வகை வண்டி பெரும்பாலும் அமெரிக்காவிலே, கலிபோர்னியாவின் மாரின் பகுதியில் உருப்பெற்றது. ஆங்கே இளைஞர் சிலர் தடித்த டயர் பூட்டிய பழைய சைக்கிள்களை மலைமேற் கொண்டுசென்று இறக்கத்தில் ஓட்டி வந்தனர். 1976-இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்திற்கு ‘ரீபேக்’ என்பது பெயர். இரண்டு மைலுக்குட்பட்ட வழியில் ஏறத்தாழ 1,300 அடி இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்தாற் பின்சக்கரத்தின் குறட்டினுள்ளே பிடிக்கும் பிரேக்கே அவ்வண்டிகளில் இருந்தது. (குறடென்பது எம் பாடநூற் சொல், கடைக்காரர் ‘ஹப்’ என்பர்.) சூட்டினால் உள்ளிருக்கும் கிரீசு புகைந்துபோக, மீண்டும் அடைக்க வேண்டியதாயிற்று, அவ்வாறு அடைத்தலைக் குறிப்பதே அப்பெயர். அவ்விளையாட்டின் ஒரு பிரிவு 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது.

எம்மை வீழ்த்தியதும் பிரேக்கே. எம் வீட்டு வண்டியில் வலக்கைப் பிடி முன்சக்கரத்திற்குரியது. இரவல் வண்டியிலோ இடக்கைப் பிடி. இதனை யாம் கேட்டறிந்தோமில்லை. இறக்கத்து வளைவிற் கல்லொன்றைக் கண்டஞ்சி, பின்சக்கரத்தைப் பிடிப்பதாக நினைந்து இடக்கையை இறுக்கினோம். முன்சக்கரம் நின்றது, யாம் நிற்கவில்லை. தேயிலைச் செடிகளினிடையே விழுந்தெழுந்தபோது தலைக்கவசத்தில் நீண்ட விரிசல். வலது மணிக்கட்டெலும்பு முறிந்திருந்தது. கல்லூரி திறந்தபின் இலக்கணக் குறிப்புகளை இடக்கையால் எழுதினோம். அவற்றை இன்றும் எம்மாற் படிக்க இயலவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில், அன்னையார் அரைமனதோடு இசைய, மீண்டும் சென்றோம். இம்முறை நண்பரின் தமையனார் உடன்வந்தார். “தம்பி, கல்லைப் பார்த்தாற் கல்லிடமே போவாய், போகவேண்டிய வழியைப் பார்” என்பதே அவர் முதலிற் கூறியது. அச்சத்தாற் சரீரம் செய்வனவெல்லாம் மலையிற் பிழையாகின்றன என்பதை அப்போதே உணர்ந்தோம். அஞ்சுவோன் சீட்டில் இறுகி உட்கார்கிறான்; சீட்டைத் தாழ்த்தி, பெடலிரண்டையும் சமமாக நிறுத்தி, முழங்கால் மடங்க அவற்றின்மேல் நிற்றல் வேண்டும். அஞ்சுவோன் வளைவினுள்ளே பிரேக் பிடிக்கிறான்; டயரின் பிடிப்போ ஓரளவினது. நிறுத்துதற்கே அதனைச் செலவிட்டால் திரும்புதற்கு எஞ்சாது. ஆதலின் வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். முன்பிரேக்கை அறவே வெறுத்தலும் தவறு. வேகம் குறையுங்கால் பாரம் முன்சக்கரத்திற் சாய்வதால் வண்டியை நிறுத்தும் வலிமை பெரும்பாலும் அதற்கேயுண்டு. ஒரு விரலாற் படிப்படியாக அழுத்தி, உடலைத் தாழ்த்திப் பின்னே கொண்டுசென்றால் அது நல்ல துணை.

டயரில் நகரத்து வழக்கப்படி காற்றை விம்ம அடைத்திருந்தோம். கல்தோறும் வண்டி துள்ளியது. சதுர அங்குலத்திற்கு 30 இராத்தல் அளவாகக் குறைத்தபின் டயர் நிலத்தைக் கவ்வியது. ஏற்றத்திற்கு முன்னரே கியரை மாற்றாவிடிற் சங்கிலி முனகும். இது ஒருநாளிற் பழகிவிடும்.

பழகாதது காட்டெருமை. தேயிலைக்குள் அது நிற்பின் மணியடிக்கலாகாது. தொலைவிலேயே இறங்கி, அது போகுமளவும் காத்திருந்தோம். ஒருநாள் முக்கால் மணிநேரம். காட்டு வழிகளுக்கு வனத்துறையினரின் அனுமதி வேண்டுமாதலின் யாம் தோட்டத்தார் இசைந்த பாதைகளிலன்றிச் செல்லவில்லை.

இப்போது எந்த வண்டியிலேறினும், தள்ளிக்கொண்டே நாலடி நடந்து, எப்பிடி எச்சக்கரத்தைப் பிடிக்கின்றதெனப் பார்த்த பின்னரே ஏறுகின்றோம். எம்மை வீழ்த்திய அவ்வளைவை மட்டும் இன்னும் ஓட்டிக் கடந்தோமல்லோம். தமையனார் கீழே நின்று சிரிக்க, வண்டியைத் தள்ளிக்கொண்டே இறங்கினோம்.