இளம் வயதினரிலும் முதியோரிலும் பெருங்குடல் புற்றுநோய்

பெருங்குடல் புற்றுநோய் என்பது பெருங்குடலின் அல்லது அதன் கடைசிப் பகுதியான மலக்குடலின் உட்சுவரில் தோன்றும் புற்றுநோய் ஆகும். நெடுங்காலமாக இது முதியோரின் நோய் என்றே கருதப்பட்டு வந்தது. 50 வயதுக்கு முன்பு கண்டறியப்படுவது இளவயதுப் பெருங்குடல் புற்றுநோய் எனத் தனியாகக் குறிப்பிடப்படுகிறது. இரண்டும் ஒரே உறுப்பில் தோன்றினாலும், தோன்றும் இடம், உயிரணு வகை, மரபுக் காரணம், கண்டறியப்படும் கட்டம் ஆகியவற்றில் வேறுபடுகின்றன.

பரவல்

அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகளில் 50 வயதுக்கு மேற்பட்டோரிடையே இந்நோய் குறைந்து வந்த காலத்திலேயே இளையோரிடையே அது கூடி வந்தது. அங்கு 1950ஐ ஒட்டிப் பிறந்தவர்களோடு ஒப்பிட்டால், 1990ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்கு, அதே வயதில், பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 2 மடங்காகவும் மலக்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 4 மடங்காகவும் உள்ளது என 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. நடிகர் சாட்விக் போஸ்மன் 2020இல் தமது 43ஆம் வயதில் இந்நோயால் இறந்தது உலகின் கவனத்தை ஈர்த்தது.

இந்தியாவில் மக்கள்தொகை அளவில் இந்நோயின் வீதம் மேலைநாடுகளைவிடக் குறைவு. ஆனால் நோயாளிகளின் வயதும் குறைவாக உள்ளது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் 800 நோயாளிகளைப் பற்றி 2017இல் வெளியான ஆய்வில் சராசரி வயது சுமார் 47. அமெரிக்காவில் இது 60களின் நடுப்பகுதி. இந்திய மக்கள்தொகையில் இளையோர் மிகுதி என்பதும் இதற்கு ஒரு காரணம். ஆகவே இவ்வெண்ணை மட்டும் வைத்து, இந்திய இளைஞர் ஒவ்வொருவருக்கும் ஆபத்து அதிகம் எனக் கொள்ளக் கூடாது.

தோன்றும் இடமும் உயிரணு வகையும்

இளையோருக்கு இது பெரும்பாலும் பெருங்குடலின் இடப்பகுதியிலும் மலக்குடலிலும் தோன்றுகிறது. அதனால் மலத்தில் கண்ணுக்குத் தெரியும் இரத்தம் முதல் அறிகுறியாக அமைகிறது. முதியோருக்குப் பெருங்குடலின் வலப்பகுதியில் தோன்றுவது ஒப்பீட்டளவில் அதிகம். அங்கே கசியும் இரத்தம் மலத்தோடு கலந்துவிடுவதால் கண்ணுக்குப் புலப்படாமல், சோகை, களைப்பு, மூச்சிரைப்பு ஆகியவையே முதலில் தென்படலாம்.

இளையோரில் வேறுபாடு குறைந்த, வேகமாகப் பரவக்கூடிய உயிரணு வகைகள் கூடுதலாகக் காணப்படுகின்றன. கோழை மிகுந்த வகையும், நுண்ணோக்கியில் மோதிரம்போலத் தெரியும் முத்திரை மோதிர உயிரணு வகையும் இவற்றில் அடங்கும். மேலைநாடுகளில் மோதிர வகை 1 விழுக்காடு அளவே. மேற்கூறிய மும்பை ஆய்வில் அது சுமார் 13 விழுக்காடு.

காரணங்கள்

முதியோரில் பெரும்பாலும் விழுது எனப்படும் சிறு சதை வளர்ச்சி, பல ஆண்டுகளில் மரபணுப் பிறழ்வுகள் சேர்ந்து புற்றாக மாறுகிறது. இளையோரில் பிறவியிலேயே வரும் மரபுப் பிறழ்வுகளின் பங்கு கூடுதல். டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் மரபணுக்கள் பழுதுபடும் லிஞ்ச் நோய்க்குறியும், குடல் முழுவதும் நூற்றுக்கணக்கான விழுதுகள் தோன்றும் குடும்ப விழுது நோயும் முதன்மையானவை. எனினும் இளம் நோயாளிகளில் பெரும்பான்மையினருக்கு இத்தகைய மரபுக் காரணம் எதுவும் இருப்பதில்லை. உடற்பருமன், உடலுழைப்பின்மை, மது, புகை, பதப்படுத்திய இறைச்சி ஆகியவை இரு வயதினருக்கும் பொதுவான ஆபத்துக் காரணிகள். சில குடல் பாக்டீரியாக்கள் சுரக்கும் கோலிபாக்டின் என்ற நச்சு விட்டுச்செல்லும் மரபணுத் தடயம் இளம் நோயாளிகளிடம் கூடுதலாகக் காணப்படுவதாக 2025இல் வெளியான பன்னாட்டு ஆய்வு கூறுகிறது. அதுவே காரணம் என்பது இன்னும் உறுதியாகவில்லை.

கண்டறிவதில் தாமதம்

இளையோரில் நோய் முற்றிய கட்டத்தில் கண்டறியப்படுவதே அதிகம். 'இந்த வயதில் புற்றுநோயா' என்ற எண்ணம் நோயாளியிடமும் சில வேளை மருத்துவரிடமும் இருப்பதே இதற்கு ஒரு காரணம். விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி போன்ற கோட்டை நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும், தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே, மலத்தில் இரத்தம் என்றால் மூலம் என்று முடிவுகட்டுவது எளிது. கூச்சத்தால் வெளியே சொல்லாமல் கைவைத்தியமும் களிம்புமாகவே மாதங்கள் கழிந்துவிடும். மூலமும் புற்றும் ஒரே ஆளுக்கு ஒருசேர இருக்கவும் கூடும்.

ஆசனவாய் வழியே மருத்துவர் விரலால் செய்யும் எளிய சோதனையிலேயே மலக்குடலின் கீழ்ப்பகுதிக் கட்டிகள் பலவும் தட்டுப்படும். இதற்குப் பெரிய மருத்துவமனை தேவையில்லை. ஐயம் எழுந்தால் பெருங்குடல் அகநோக்கிச் சோதனையும் திசு ஆய்வும் வேண்டும். செஞ்சி வட்டாரத்தினர் மேல் சிகிச்சைக்கு முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மண்டலப் புற்றுநோய் மையம் உள்ள புதுச்சேரி ஜிப்மருக்கோ செல்லலாம்.

சிகிச்சை

அறுவை, வேதிச்சிகிச்சை, கதிர்வீச்சு ஆகியவை இரு வயதினருக்கும் பொது. முதியோரில் இதயநோய், நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றைக் கருதி மருந்தின் அளவும் தீவிரமும் தீர்மானிக்கப்படும். வயது மட்டும் சிகிச்சையை மறுப்பதற்குக் காரணமாகாது. இளையோருக்குக் கூடுதல் மருந்துகள் தரப்படுவது வழக்கம். ஆனால் அதற்கு ஈடாக ஆயுள் கூடுவதில்லை எனப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சு கருவுறும் திறனைப் பாதிக்கும் என்பதால், குழந்தைப்பேறு பற்றிச் சிகிச்சைக்கு முன்பே பேச வேண்டும்.

அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, நோய் குடலைத் தாண்டாத நிலையில் கண்டறியப்பட்டவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர். தொலைவு உறுப்புகளுக்குப் பரவிய பின் இது 15 விழுக்காட்டை ஒட்டியே உள்ளது.

முன்கூட்டிய பரிசோதனை

அமெரிக்காவில் அறிகுறி இல்லாதவர்களுக்கான பரிசோதனை தொடங்கும் வயது 2021இல் 50இலிருந்து 45ஆகக் குறைக்கப்பட்டது. இந்தியாவின் தேசியத் திட்டம் வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களையே பரிசோதிக்கிறது. ஆகவே இங்கு அறிகுறிகளைக் கவனிப்பதே முதன்மையானது. மலத்தில் இரத்தம், நீடித்த வயிற்றுவலி, நீடித்த வயிற்றுப்போக்கு, காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவு ஆகிய நான்கில் எது இருந்தாலும், எந்த வயதினரும் மருத்துவரை நாட வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்திருந்தால், 40 வயதிலோ, அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னதாகவோ, எது முந்தியதோ அப்போது பரிசோதனையைத் தொடங்குவது பொதுவான பரிந்துரை.