எரிந்தால் கழுவிவிடுங்கள்

"லேசா எரியும்மா, பொறுத்துக்கோங்க. எரிஞ்சாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்." முகூர்த்த மாதங்களில் பியூட்டி பார்லர் பக்கம் போனவர்களுக்கு இந்த வசனம் பழக்கமாக இருக்கும். மாஸ்க் வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் கல்லூரிப் பெண்களும் இதையே நம்புகிறார்கள். நம் தோலுக்கு இதைவிடக் கெடுதலான நம்பிக்கை வேறில்லை.

மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் மெலனின் சுரக்கும் செல்கள் சுறுசுறுப்பானவை. வெயிலிலிருந்து நம்மைக் காப்பது அவைதான். ஆனால் பருவோ, தீப்புண்ணோ, வெறும் எரிச்சலோ வந்துபோன இடத்திலும் அவை நிறத்தைக் கொட்டிவிடுகின்றன. வெள்ளையர் கன்னத்தில் சில நாள் சிவந்து மறைகிற எரிச்சல், நம் கன்னத்தில் கருமையாக மாதக்கணக்கில் நிற்கும். ஆகவே எந்த மாஸ்க் முகத்தைப் பளபளப்பாக்கும் என்று கேட்பதற்கு முன்னால், எது எரிச்சல் தராது என்று கேட்க வேண்டும்.

அதற்கு உங்கள் தோல் எந்த ரகம் என்று தெரிந்தாக வேண்டும். முகத்தை மிதமான சோப்பில் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் மினுமினுத்தால் எண்ணெய்த் தோல். இழுத்துப் பிடிப்பதுபோல் இருந்தால் வறண்ட தோல். நெற்றியும் மூக்கும் மட்டும் வழிந்து கன்னம் வறண்டால், நம்மில் பலருக்கும் உள்ள கலப்புத் தோல். சென்னையின் புழுக்கத்தில் எண்ணெய் வழிகிற அதே முகம், ஊட்டிக்குப் போனால் வறண்டு செதில் விடும். நாள் முழுக்க ஏசியில் உட்காருகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

எண்ணெய்த் தோலுக்கு முல்தானி மட்டி நல்ல தேர்வு. களிமண் எண்ணெயை உறிஞ்சும். வாரம் ஒரு முறை போதும். கலப்புத் தோல்காரர்கள் நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் பூசலாம். இதில் கவனிக்க வேண்டியது கழுவும் நேரம். பூசிய சில நிமிடங்களில் ஓரங்கள் வெளிறத் தொடங்கும். நடுவில் தொட்டால் விரலில் லேசாக ஒட்டும். கழுவ வேண்டியது அப்போதுதான். வாயசைக்க முடியாமல் இறுகி, வெடித்து உதிரும்வரை காத்திருந்தால், எண்ணெயோடு தோலின் ஈரமும் போய்விடும். வறண்ட தோல் உள்ளவர்களுக்கும், ஐம்பதை நெருங்கும் பெண்களுக்கும் முல்தானி மட்டியே வேண்டாம். தயிர், கற்றாழை போன்றவை அவர்களுக்குப் பாந்தமாக இருக்கும்.

கறுப்பாகப் பூசி, காய்ந்ததும் உரித்தெடுக்கும் பீல்-ஆஃப் மாஸ்க்கை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். காய்ந்து படலமாவது பாலிவினைல் ஆல்கஹால் என்ற பசைப்பொருள். உரிக்கும்போது பூனைமுடியும் மேல்தோலும் சேர்ந்து வருகின்றன. முகத்தின் வெளிப்படலம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் இருக்கும். அதைப் பிய்ப்பதால் லாபம் ஒன்றுமில்லை. மூக்கின் மேல் தெரியும் சாம்பல் நிறப் புள்ளிகள் பெரும்பாலும் அழுக்கே அல்ல. எண்ணெய்ச் சுரப்பிகளில் இயல்பாகத் திரள்வது அது. எடுத்தாலும் சில வாரங்களில் மறுபடி நிறையும்.

கொரியாவிலிருந்து வந்து கடைகளை நிறைத்திருக்கும் ஷீட் மாஸ்க் பெரிய கெடுதல் செய்யாது. கிளிசரின், ஹயலூரானிக் அமிலம் கலந்த நீரில் ஊறிய தாள் அது. தேங்காய்த் தண்ணீரைப் பாக்டீரியா கொண்டு புளிக்கவைத்து எடுக்கும் மெல்லிய படலத்திலும் சில வருகின்றன. பதினைந்து, இருபது நிமிடத்தில் எடுத்துவிட்டு உடனே மாய்ஸ்சரைசர் பூசினால் முகம் அன்றைக்குப் புத்துணர்ச்சியாக இருக்கும். மறுநாள் பழையபடிதான். விசேஷத்துக்குப் போகும் நாளில் போட்டுக்கொள்ளலாம். மாதாமாதம் அதற்குச் செலவழிக்கும் பணத்தில் நல்ல சன்ஸ்கிரீன் வாங்கலாம் என்பது என் கருத்து.

வீட்டுப் பொருள்தானே, என்ன செய்துவிடப் போகிறது என்கிற துணிச்சல்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2 அளவில் இருக்கும். நம் தோலுக்கு இயல்பானது ஏறக்குறைய 5. அந்த வித்தியாசமே எரிச்சலுக்குப் போதும். ஆப்ப சோடா அதற்கு நேர் எதிர்ப் பக்கம் இழுக்கும். இரண்டும் முகத்துக்கு ஆகாது.

நலங்கு மாவை எடுத்துக்கொள்ளுங்கள். பயத்தம் பருப்பு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ், பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள் என்று நாட்டு மருந்துக் கடையில் கட்டித் தருகிற அந்தப் பொட்டலத்தில், பலரும் கார்போக அரிசியும் சேர்க்கிறார்கள். அந்த விதையில் சோராலென் இருக்கிறது. வெண்புள்ளிக்கு அதைப் பூசி வெயிலில் காட்டும் சிகிச்சை நம் நாட்டில் மிகப் பழையது. இன்றைய மருத்துவமும் சோராலென் கொடுத்துப் புறஊதாக் கதிர் பாய்ச்சுகிறது. வெயில் பட்டால் தோலைக் கறுக்க வைப்பதுதான் அதன் குணம். நிறம் கூடட்டும் என்று காலையில் அதைத் தேய்த்துக் குளித்துவிட்டுப் பத்து மணி வெயிலில் பஸ்ஸுக்கு நின்றால் என்ன ஆகும்? எலுமிச்சைத் தோலிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் உண்டு. நலங்கு மாவு நல்ல பொருள். முகத்துக்கென்று அரைக்கும்போது கார்போக அரிசியை மட்டும் விட்டுவிடுங்கள்.

கிளைகாலிக், சாலிசிலிக் போன்ற அமிலங்கள் கலந்த மாஸ்க்குகளைத் தோல் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். அவர் சொல்லிப் போட்டாலும் அடுத்த ஒரு வாரம் சன்ஸ்கிரீன் இல்லாமல் வெளியே போகக் கூடாது.

புதிதாக எதை வாங்கினாலும், அரைத்தாலும், முழங்கையின் உள்மடிப்பில் கொஞ்சம் பூசிக் கழுவி இரண்டு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லை என்றால்தான் முகம். பேக் போட்டு எரிச்சல் தொடங்கினால் நேரம் பார்க்காமல் கழுவுங்கள். பார்லரில் உட்கார்ந்திருந்தாலும் கூச்சப்படாமல் கழுவச் சொல்லுங்கள். கருமையும் பருவும் இல்லாத முகம் வேண்டும் என்று கேட்பது நியாயம். பிறந்த நிறத்தை மாற்றித் தருகிற மாஸ்க் எதுவும் கிடையாது. அதற்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

மங்குவும், வடு விடுகிற பெரிய பருக்களும் மாஸ்க்கால் தீராது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. புறநோயாளியாகப் போய்க் காட்டக் கட்டணம் கிடையாது.