கரண்ட் திரும்பியதும் கடைக் கணக்கும் தானாகத் திறக்குமா?

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மோதியதே காரணம் என அரசாங்கத் தரப்பு கூறியது. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததையும் வியாபாரிகள் மறந்திருக்கமாட்டார்கள். மின்சாரம் போவதைத் தடுப்பது நம் கையில் இல்லை. அது வந்தவுடன் கடைக் கணனி தானாக வேலையைத் தொடங்குவது நம் கையில்தான் உள்ளது.

இன்று பல கடைகளில் சிட்டை போடும் மென்பொருள் இணையப் பக்கம் போலத் திரையில் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பக்கம் வெளியிலிருந்து வருவதில்லை. கடைக் கணனிக்குள்ளேயே இரண்டு நிரல்கள் அதற்காக உழைக்கின்றன. ஒன்று, பக்கத்தைக் கொடுக்கும் ‘அப்பாச்சி’ சேர்வர். மற்றையது, சரக்கு இருப்பையும் கடன் கணக்கையும் காக்கும் ‘மைஎஸ்கியூஎல்’ வகைத் தரவுத்தளம். இவ்விரண்டையும் ஒன்றாகத் தரும் இலவசப் பொதி ‘ஸாம்ப்’. இது 2002 முதல் கிடைக்கிறது.

கணனியை மீண்டும் போட்டதும் இவ்விரண்டும் தொடங்காவிட்டால் பக்கம் திறக்காது. கணக்கு அழிந்துவிட்டதென்று கடைப் பையன் பதறுவான். உண்மையில் கணக்கு உள்ளேதான் இருக்கும். கதவைத் திறக்க ஆளில்லை, அவ்வளவுதான். ஆனால் முதலாளி ஜும்ஆவுக்கோ சரக்கெடுக்கவோ போயிருந்தால், அந்த நேரத்துக் கடன் துண்டுக் கடதாசியில் எழுதப்பட்டு, பிறகு மறந்தே போய்விடும். கதிரவெளி போன்ற ஊரில் கடை வைத்திருப்பவர், கணனி பார்ப்பவரை வாழைச்சேனையிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ அழைத்துக் காத்திருக்க முடியுமா?

தீர்வு எளிது. ஸாம்ப் கட்டுப்பாட்டுப் பலகையில் இரண்டு நிரல்களையும் முதலில் நிறுத்துங்கள். பலகையை மூடி, அதன் படத்தில் வலது பக்கச் சொடுக்குப் போட்டு, ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ மூலம் திறவுங்கள். அப்பாச்சி, மைஎஸ்கியூஎல் பெயர்களுக்கு இடப்பக்கம் உள்ள சிவப்புப் புள்ளடிகளை அழுத்தி, சம்மதம் கொடுங்கள். அவை பச்சைச் சரி அடையாளமாக மாறும். இனி இரண்டும் விண்டோஸின் ‘சேர்விஸ்’ ஆகிவிட்டன. விண்டோஸ் எழும்பும்போதே, எவரும் கடவுச்சொல் கொடுத்து உள்நுழைய முன்பே, அவை ஓடத் தொடங்கும். ‘ஸ்டார்ட்அப்’ கோப்புறையில் போட்டு வைப்பது இதற்கு ஈடாகாது. அது ஒருவர் உள்நுழைந்த பிறகே வேலை செய்யும்.

கணனியே தானாக எழும்ப வேண்டுமானால், பல மேசைக் கணனிகளின் ‘பயோஸ்’ அமைப்பில், மின்சாரம் திரும்பியதும் இயங்கும்படி சொல்லும் தெரிவு ஒன்று உண்டு. அதை ‘ஒன்’ ஆக்கிவிடலாம்.

இனி மூன்று எச்சரிக்கைகள்.

முதலாவது, எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் தரவுத்தளம் பழுதாகலாம். பழுதான தரவுத்தளம் தானாகத் தொடங்காமல் போகலாம். ஆகவே ஒரு யூபிஎஸ் அவசியம். அது தரும் சில நிமிடங்கள் கணனியை முறையாக நிறுத்துவதற்கே, வியாபாரத்தைத் தொடர்வதற்கல்ல.

இரண்டாவது, ஸாம்ப் மென்பொருள் தயாரிப்பவர்களுக்காக உருவானது. அதன் தரவுத்தளம் கடவுச்சொல் இல்லாமலே வருகிறது. உங்கள் மென்பொருளைச் செய்தவரைக் கொண்டே கடவுச்சொல் போடுங்கள். அதே சொல்லை மென்பொருளுக்குள்ளும் மாற்ற வேண்டும். அந்தக் கணனியை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். நிரந்தரமாக நடத்துவதானால் அதற்கேற்ற சேர்வருக்கு மாற்றித் தரும்படி அவரிடமே கேளுங்கள்.

மூன்றாவது, தானாகத் தொடங்குவது காப்புப் பிரதி ஆகாது. ஒவ்வொரு இரவும் ‘எக்ஸ்போர்ட்’ வழியாக ஒரு பிரதியெடுத்து, பென்டிரைவில் வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். தரவுத்தளம் ஓடும்போது கோப்புறையை அப்படியே பிரதி பண்ணினால் அது பயன்படாமல் போகலாம்.

எல்லாம் செய்தபின் பரீட்சித்துப் பாருங்கள். கடை பூட்டும் நேரத்தில் கணனியை முறையாக நிறுத்தி, மீண்டும் போடுங்கள். நீங்கள் எதையும் தொடாமல், பையனைச் சிட்டைப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அவனால் தனியாக ஒரு சிட்டை போட முடிந்தால், நீங்கள் நிம்மதியாக வெளியே போகலாம்.