சிலருக்கு மட்டும் மருத்துவச் செலவு ஏன் எகிறுகிறது?

அமெரிக்காவில் ஓராண்டுக்கு ஆகும் மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழ பாதி, மக்கள்தொகையில் 5 சதவீதம் பேருக்கே ஆகிறது. அவர்களிலும் உச்சியில் இருக்கும் 1 சதவீதத்தினருக்கு மட்டும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகிறது. மறுபக்கம், செலவு குறைந்த பாதி மக்களின் கணக்கை முழுதும் கூட்டினாலும் 3 சதவீதத்தைச் சுற்றித்தான் வரும். இந்தக் கணக்கைப் பார்த்ததும் யாருக்கும் ஒரு யோசனை தோன்றும்: அந்தச் சிலரைத் தேடிப் பிடித்து நன்றாகக் கவனித்துக்கொண்டால் நாட்டின் மருத்துவச் செலவே இறங்கிவிடாதா? நல்ல மனதோடு எழுந்த யோசனைதான். ஆனால், செலவு எங்கே பிறக்கிறது என்பதை அது தவறாகப் புரிந்துகொண்டது. பெருஞ்செலவு செய்பவர்கள் தனி ரக மனிதர்கள் அல்லர். நோய் கவனிக்கப்படாமல் கடந்துவந்த பல ஆண்டுகளின் கடைசிக் கட்டத்தில்தான் நாம் அவர்களைப் பார்க்கிறோம்.

இந்த யோசனையை முழு மூச்சாகச் செய்துபார்த்த ஊர் நியூஜெர்சி மாநிலத்தின் கேம்டன். வறுமை மிகுந்த சிறு நகரம். ஜெஃப்ரி பிரென்னர் என்ற குடும்ப மருத்துவர் அங்கிருந்த மருத்துவமனைகளின் பில்களைச் சேகரித்து, எந்தத் தெருவிலிருந்து யார் எத்தனை முறை வருகிறார்கள் என்று வரைபடத்தில் குறித்தார். இரண்டே கட்டடங்களில் வசித்த சுமார் 900 பேர், ஆறரை ஆண்டுகளில் 4,000 முறைக்கு மேல் மருத்துவமனைக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்குப் போடப்பட்ட பில் சுமார் 20 கோடி டாலர். பிரென்னரின் முயற்சியில், அடிக்கடி அட்மிட் ஆகிறவர்களின் வீட்டுக்கே செவிலியரும் சமூகப் பணியாளரும் போனார்கள். மாத்திரைகளை ஒழுங்குபடுத்தினார்கள், மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள், அரசு உதவிக்கு விண்ணப்பம் எழுதித் தந்தார்கள். முதலில் சேர்ந்த சிலரிடம் செலவு பாதிக்குமேல் குறைந்ததாகத் தெரிந்தது. 2011-இல் மருத்துவரும் எழுத்தாளருமான அதுல் கவாண்டே நியூயார்க்கர் இதழில் இதைப் பற்றி எழுதியதும் நாடெங்கும் பேச்சானது.

பிறகு, பொருளாதார அறிஞர் ஏமி ஃபின்கெல்ஸ்டீன் உள்ளிட்ட குழு முறையான சோதனை நடத்தியது. ஆறு மாதத்தில் குறைந்தது 2 முறை அட்மிட் ஆன 800 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு இந்தக் கூடுதல் கவனிப்பு, மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 2020 ஜனவரியில் முடிவு வெளியானது. 180 நாட்களுக்குள் மீண்டும் அட்மிட் ஆனவர்கள், கவனிப்பு பெற்ற பிரிவில் 62.3 சதவீதம், பெறாத பிரிவில் 61.7 சதவீதம். இரு பிரிவிலும் மருத்துவமனை வரவுகள் முன்பைவிடக் குறைந்திருந்தன. ஆனால் கிட்டத்தட்ட ஒரே அளவில். ஒருவர் மிக மோசமாக இருக்கும் நேரத்தில் அவரைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த சில மாதங்களில் எப்படியும் ஓரளவு தேறுவார், அல்லது இறந்துபோவார். அந்த இறக்கத்தைத் திட்டத்தின் வெற்றி என்று நினைத்துவிட்டோம். இந்த ஆண்டின் பெருஞ்செலவுக்காரர்களில் பலர் அடுத்த ஆண்டுப் பட்டியலிலேயே இருப்பதில்லை. அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வந்துவிடுகிறார்கள்.

எங்கிருந்து வருகிறார்கள்? சர்க்கரை நோயாளி ஒருவரின் காலை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாமல் போனால் பாதத்தில் உணர்ச்சி மரத்துவிடுகிறது. செருப்பு வார் உரசிக் கொப்புளம் வந்தாலும் வலிக்காது. வலிக்காததால் வேலைக்குப் போவது நிற்காது. ரத்த ஓட்டமும் குறைந்திருப்பதால் புண் ஆறாது. சீழ் வைத்து, காய்ச்சல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கே புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள், ரத்தக் குழாய் வழியே ஆன்டிபயாடிக் ஏற்றுவார்கள், முடியாதபோது விரலையோ பாதத்தையோ எடுப்பார்கள். அதே சர்க்கரை அதற்குள் சிறுநீரகத்தையும் அரித்திருக்கும். அடுத்து டயாலிசிஸ்: வாரத்துக்கு 2 அல்லது 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம், பெரும்பாலும் ஆயுள் முழுக்க. சிகிச்சையே இலவசம் என்றாலும் போகவர வண்டிச் செலவும், கூட வருபவரின் அன்றைய கூலியும் போகும். வண்டி கிடைக்காமல் ஒரு முறை தவறினால் உடலில் நீர் கோத்து, மூச்சுத் திணறி, நள்ளிரவில் ஐசியு. அந்த ஐசியு பில்லைப் பார்த்து இவர் செலவாளி என்று முடிவுகட்டுவது அநியாயம். அமெரிக்காவில் முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் திட்டத்தில் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் 1 சதவீத அளவுதான். செலவில் அவர்கள் பங்கு சுமார் 7 சதவீதம்.

பெருஞ்செலவெல்லாம் பிழைக்க மாட்டார் என்று தெரிந்தவர்களுக்குக் கடைசி நாட்களில் வீணாகச் செய்வதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. மெடிகேர் செலவில் கால்வாசி, நோயாளியின் கடைசி ஓராண்டில் ஆவது உண்மை. ஆனால், அது கடைசி ஆண்டு என்பது இறந்த பின்புதான் தெரிகிறது. 2018-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வின்படி, ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு 50 சதவீதத்துக்கு மேல் என்று முன்கூட்டியே கணிக்கக்கூடியவர்களுக்கு ஆகும் செலவு மொத்தத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவு. மற்றவர்கள் பிழைப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் சிகிச்சை பெற்றார்கள்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது: வருமுன் காப்பதும் செலவுதான். அது உண்மையே. நோயில்லாத பல்லாயிரம் பேருக்குப் பரிசோதனை செய்து ஒருவரைக் கண்டுபிடிக்கும் திட்டங்களில் பல, மிச்சப்படுத்துவதைவிட அதிகமாகச் செலவு வைக்கின்றன. ஆனால், பிரஷர், சர்க்கரை மாத்திரைகளின் கதை வேறு. அவை விலை மலிவானவை, பலன் பல்லாண்டுகளாக நிரூபிக்கப்பட்டவை. ஒரு ரூபாய்கூட மிச்சமாகாவிட்டாலும், ஒருவரின் காலும் சிறுநீரகமும் தப்புவதே அந்தப் பணத்துக்குப் போதுமான பலன் என்பேன்.

இனி இந்தியாவுக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்குமேல் சர்க்கரை நோய் என்கிறது. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கின்படி, மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் கைக்காசிலிருந்தே கட்டினார்கள். 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் அட்மிட் ஆனால்தான். காலை வெட்டக் காசு உண்டு, கால் போகாமல் காக்கும் மாத மாத்திரைக்கு இல்லை. 2021 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. சரியான இடத்தில் கைவைத்த திட்டம் அது. அதில் ஒரு மாதம்கூட மாத்திரை விடுபடாமல் பார்த்துக்கொள்வதும், வெளிநோயாளிகளின் மருந்துச் செலவையும் காப்பீட்டுக்குள் கொண்டுவருவதும் அரசுகள் உடனே செய்ய வேண்டியவை.