பழைய டிராக்டரின் மதிப்பு

டிராக்டரின் வயதை அதன் நிறத்தைக் கொண்டு அறிய இயலாது. புதுப்பூச்சு பழமையை மறைத்துவிடும். எஞ்சினிலும் அடிச்சட்டத்திலும் பொறிக்கப்பட்ட எண்களே அதன் உண்மையான அடையாளங்கள். அவை பதிவுச் சான்றிதழோடு ஒத்திருத்தல் வேண்டும். எஞ்சின் எண் வேறுபட்டால், எஞ்சின் மாற்றப்பட்டிருக்கலாம்.

தொன்மை மட்டுமே விலையை உயர்த்துவதில்லை. தொடக்கத்தில் பொருத்திய உறுப்புகள் மாறாதிருத்தல், இயங்கும் நிலை, உதிரிப்பாகங்கள் கிடைத்தல், வரலாற்றுச் சிறப்பு ஆகியவையும் கருதப்படும். 1974ஆம் ஆண்டு பஞ்சாபில் விற்பனைக்கு வந்த சுவராஜ் 724, துர்காப்பூர் ஆய்வு நிறுவனத்தில் இந்தியப் பொறியாளர்கள் வடிவமைத்த டிராக்டராகும். இவ்வரலாற்றை அறியாதவர் அதனைப் பழைய இரும்பாக எடைக்கு விற்றுவிடக்கூடும். ஆதலால், விற்குமுன் எண்களைப் படித்தறிதல் நன்று.

வினா: டிராக்டரின் மதிப்பை உறுதிசெய்யும் கூறுகள் யாவை?