முட்டி கிழிஞ்ச டவுசர்: தைக்கிறதா, புதுசு வாங்குறதா? ஒரு சின்னக் கணக்கு



டேர்ம் இன்ஷூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட், வீட்டுக் கடன்னு பெரிய விஷயங்களையே பேசிட்டிருக்கோம். இன்னைக்கு ரொம்பச் சின்ன விஷயம். 2 வயசுலேர்ந்து 5 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க வீட்டுல, தெருவுல போட்டு விளையாடுற துணி. முட்டி கிழியுது, எலாஸ்டிக் லூஸாகுது, அக்குள்ல தையல் விட்டுப்போகுது. தைச்சுப் போடுறதா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குறதா?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வேலை பார்க்கிற இளம் குடும்பங்களுக்கு இது அடிக்கடி வர்ற கேள்வி. நாரணமங்கலம் டயர் ஃபேக்டரியா இருக்கட்டும், அரியலூர் சிமெண்ட் ஃபேக்டரியா இருக்கட்டும், பள்ளிக்கூட வேலையா இருக்கட்டும், சம்பளம் 1-ம் தேதி வந்து 20-ம் தேதிக்குள்ள கரையுற வீடுகள்தான் அதிகம். பெரிய செலவு நமக்கே தெரியும். தெரியாமப் போறது இந்த மாதிரிச் சின்னச் செலவுதான்.

முதல்ல வளர்த்தியைப் பாருங்க

உலக சுகாதார நிறுவனத்தோட வளர்ச்சி அட்டவணைப்படி, ஒரு சராசரி ஆண் குழந்தை 2 வயசுல சுமார் 87 செ.மீ., 5 வயசுல சுமார் 110 செ.மீ. உயரம். பெண் குழந்தைக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அதாவது வருஷத்துக்கு 7 முதல் 8 செ.மீ. வளர்த்தி.

இதுலேர்ந்து ஒண்ணு புரியணும். பெரியவங்க சட்டைக்கு ஆயுள் துணியைப் பொறுத்தது. குழந்தை சட்டைக்கு ஆயுள் ரெண்டு விஷயத்தைப் பொறுத்தது: துணி எவ்வளவு நாள் தாங்கும், குழந்தைக்கு எவ்வளவு நாள் பத்தும். ரெண்டுல எது முதல்ல முடியுதோ, அதுதான் உண்மையான ஆயுள். ரெண்டு மாசத்துல பத்தாமப் போகப்போற சட்டைக்கு, ரெண்டு வருஷம் தாங்குற மாதிரி தைக்கிறதுல அர்த்தமில்ல.

ஒரு தடவைக்கு எவ்வளவு?

சார்ட்டட் அக்கவுண்டன்ட் வேலையில ஒரு மெஷினைச் சரி பண்றதா மாத்துறதான்னு கேட்டா நாங்க போடுற கணக்கு இதேதான். மிச்சமிருக்கிற ஆயுளால செலவை வகுத்துடுவோம்.

சரி பண்ற செலவு ÷ இன்னும் எத்தனை தடவை போட முடியும்

புதுசு விலை ÷ மொத்தம் எத்தனை தடவை போட முடியும்

ரெண்டுல எது குறைவோ அதைச் செய்யுங்க. கீழே உள்ள விலை எல்லாம் உதாரணத்துக்கு. உங்க ஊர் விலையைப் போட்டுக்குங்க.

உதாரணம் 1: காட்டன் டவுசர், புதுசு ₹240. வாரத்துக்கு ரெண்டு தடவைன்னு 80 தடவை போடலாம். அப்போ ஒரு தடவைக்கு ₹3. பாதியில முட்டி கிழிஞ்சுடுச்சு. ஒட்டுத்துணி வச்சுத் தைக்க டெய்லர் ₹40 கேட்கிறார். இன்னும் 40 தடவை போடலாம். ஒரு தடவைக்கு ₹1. தைச்சிடுங்க.

உதாரணம் 2: பனியன் துணி டி-ஷர்ட், புதுசு ₹150, 75 தடவை போடலாம். ஒரு தடவைக்கு ₹2. கழுத்து தொளதொளன்னு ஆகி, தோள்பட்டையில தையலும் விட்டுப்போச்சு. சரி பண்ண ₹45. ஆனா இப்பவே கை இறுக்குது, இன்னும் 15 தடவைதான் போட முடியும். ஒரு தடவைக்கு ₹3. புதுசு வாங்கிடுங்க, மனசு உறுத்த வேண்டாம்.

இந்தக் கணக்குல பழைய துணியை நீங்க என்ன விலைக்கு வாங்கினீங்கங்கிறது எங்கேயுமே வரலை, கவனிச்சீங்களா? "இது 600 ரூபாய் ஃப்ராக், எப்படித் தூக்கிப் போடுறது"ன்னு நினைப்போம். அந்த 600 போனது போனதுதான். இனி போற பணத்தை மட்டும் பாருங்க. லாபமில்லாத ஷேரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும் இதே பாடம்தான்.

எதைத் தைக்கலாம், எதை விட்டுடலாம்?

தைக்கலாம்:

• தையல் மட்டும் விட்டுப்போனது. துணி நல்லா இருக்கு, நூல்தான் போச்சு. ஊசி நூல் இருந்தா வீட்டுலயே பத்து நிமிஷ வேலை.

• எலாஸ்டிக் லூஸானது. எலாஸ்டிக் மீட்டர் கணக்குல கிடைக்கும். இடுப்புப் பட்டியில சின்ன ஓட்டை போட்டு, ஊக்குல கோத்து இழுத்துடலாம்.

• முட்டிக் கிழிசல். முழுக்கால் பேண்ட்னா முட்டிக்கு மேல வெட்டி ஓரம் அடிச்சுட்டா அரைக்கால் டவுசர். நம்ம ஊர் வெயிலுக்கு அதுதான் நல்லது. நீளம் பத்தாமப் போன பேண்டுக்கும் இதே வழி.

• கறை. கரிசல் மண்ணுல விளையாடுற பிள்ளைக்குக் கறை வரத்தான் செய்யும். விளையாட்டுத் துணிக்குக் கறை ஒரு குறையே இல்ல.

விட்டுடலாம்:

• வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. கிழிஞ்ச இடத்தைச் சுத்தியும் துணி சல்லடை மாதிரி தெரிஞ்சா, ஒட்டுப் போட்டாலும் பக்கத்துலயே கிழியும். டெய்லர் கூலி வீண்.

• ஆடுற பட்டன், உதிர்ற மணி வச்ச துணி, கழுத்துல நாடா தொங்குற துணி. சின்னக் குழந்தை பட்டனை வாயில போட்டுக்கும்; நாடா எதுலயாவது மாட்டும். உறுதியா சரி பண்ண முடியலைன்னா பட்டன், நாடாவை எடுத்துட்டு வீடு துடைக்க வச்சுக்குங்க. இதுல கணக்கே பார்க்காதீங்க.

வாங்கும்போதே பாதி மிச்சம்

வருஷத்துக்கு 7 செ.மீ. வளர்த்தின்னு பார்த்தோம். அதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் கால் வளர்த்தி. அதனால பேண்ட் வாங்கும்போது 5 செ.மீ. நீளமா வாங்கி உள்ள மடிச்சுத் தைச்சுட்டா, மடிப்பைப் பிரிச்சு விட்டு இன்னொரு வருஷம் கிட்டத்தட்ட ஓட்டிடலாம். நம்ம அம்மாக்கள் காலங்காலமா பாவாடைக்குச் செய்ததுதான் இது.

அக்கா பிள்ளை, அண்ணன் பிள்ளை போட்டு நின்னுபோன துணியையும் கூச்சமில்லாம வாங்கிக்குங்க. பெரிய பிள்ளை அரசுப் பள்ளியில படிச்சா, சத்துணவு சாப்பிடுற 1 முதல் 8-ம் வகுப்பு மாணவர்களுக்கு வருஷத்துக்கு 4 செட் சீருடை இலவசமா வருது. போன வருஷச் சீருடை தம்பிக்கோ தங்கைக்கோ நல்ல விளையாட்டுத் துணி.

"அப்போ தையல் மெஷினே வாங்கிடலாமா சார்?" இதுக்காக மட்டும்னா வேண்டாம். மெஷின் ₹8,000, மாசம் ₹100 மிச்சம்னு வச்சா, போட்ட பணம் திரும்ப 80 மாசம் ஆகும். அதுக்குள்ள பிள்ளை நடுநிலைப் பள்ளிக்கே போயிடும்.

உண்மையான ஓட்டை எங்க?

இப்போ நேர்மையா ஒரு கணக்கு. ஒரு குழந்தைக்கு வருஷம் 16 உருப்படி, சராசரி ₹200 வீதம் ₹3,200. பாதியைத் தைச்சு ஓட்டினா 9 உருப்படி வாங்க ₹1,800, 10 தடவை தையல் கூலி ₹400, மொத்தம் ₹2,200. மிச்சம் வெறும் ₹1,000. இதுல யாரும் கோடீஸ்வரன் ஆகப்போறதில்ல.

ஆனா ரெண்டு டவுசர் வாங்கணும்னு கிளம்பி, பெரம்பலூர்லேர்ந்து சுமார் 60 கி.மீ. திருச்சிக்குப் போறோம் பாருங்க, அங்கதான் ஓட்டை. மூணு பேருக்குப் பஸ் இல்லன்னா பெட்ரோல், மதியச் சாப்பாடு, "வந்தது வந்தோம்"னு இன்னும் நாலு உருப்படி. ₹500 வேலைக்கு ₹2,500 காலி. வருஷத்துல மூணு பயணம் குறைஞ்சா, தையல்ல மிச்சமானதைவிடப் பல மடங்கு மிச்சம்.

அடுத்து கிரெடிட் கார்டு. தீபாவளிக்கு ₹8,000-க்குத் துணி எடுத்துட்டு குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிட்டு வர்றவங்க நிறைய. மாசம் 3.5% வட்டின்னா, ₹8,000-க்கு ஒரு மாச வட்டி ₹280. அதுக்கு மேல 18% ஜி.எஸ்.டி. சேர்த்து சுமார் ₹330. ஒரு புது டவுசரோட விலை, ஒவ்வொரு மாசமும்.

ஜி.எஸ்.டி.ன்னு சொன்னதும் இன்னொண்ணு. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து, ஒரு உருப்படி ₹2,500 வரைக்கும் இருந்தா 5% வரி, அதைத் தாண்டினா 18%. வரிக்கு முன்னாடி ₹2,500 உள்ள விசேஷ டிரஸ் வரியோட ₹2,625. ₹2,600 உள்ளது ₹3,068. விலையில ₹100 கூடினா கையிலேர்ந்து ₹443 கூடுதலாப் போகும். விளையாட்டுத் துணி இந்த எல்லைக்குப் பக்கத்துலயே வராது. பிறந்தநாள் டிரஸ் வரும்.

இந்த மாசம் செய்ய வேண்டியது

1. ஞாயித்துக்கிழமை அலமாரியைக் காலி பண்ணி மூணு குவியலாப் பிரிங்க: நல்லது, தைக்க வேண்டியது, துடைக்கிற துணி.

2. தைக்க வேண்டியதை எல்லாம் சேர்த்து ஒரே தடவையா தெரு டெய்லர்கிட்ட கொடுங்க. ஒண்ணொண்ணா கொண்டு போனா அலைச்சல், கூலியும் கூட. மொத்தமா கொடுத்தா பேசிக் குறைக்கலாம்.

3. வருஷத் துணிச் செலவு, தீபாவளி பொங்கல் உட்பட, ₹6,000-ன்னு வச்சா, மாசம் ₹500 தனி ஆர்.டி.யில போடுங்க. பண்டிகைக்குக் கார்டைத் தேய்க்க வேண்டியிருக்காது.

கடைசியா ஒண்ணு. "டேய், சட்டை கிழியும், மண்ணுல உட்காராதே!"ன்னு கத்துற வீடுகளைப் பார்க்கிறேன். ஒரு தடவைக்கு ரெண்டு மூணு ரூபாய் ஆகுற துணிக்காகப் பிள்ளையோட விளையாட்டை நிறுத்துறோம். ஒட்டுப் போட்ட டவுசர் அவனுக்கு ஒரு பொருட்டே இல்ல. "ஊரு என்ன சொல்லும்"ங்கிற கவலை நமக்குத்தான். நல்ல துணி நாலு விசேஷத்துக்குத் தனியா இருக்கட்டும். மத்த நாள்ல கிழிக்கட்டும். கிழிக்கிறதுக்குத்தானே அந்தத் துணி!

உங்க வீட்டு விலையைப் போட்டு இந்தக் கணக்கை ஒரு தடவை செஞ்சு பாருங்க. அடுத்த வீடியோவுல பண்டிகைச் செலவுக்கு ஆர்.டி. போடுறது எப்படின்னு விரிவாப் பார்ப்போம்.