அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டங்கள்: சாதாரண மக்கள் அவற்றை எப்படி மாற்றுகிறார்கள்?

அமெரிக்காவில் துப்பாக்கிச்சூடு என்று செய்தி வரும்போதெல்லாம் நண்பர்களிடையே ஒரு கேள்வி கண்டிப்பாக வரும். "இவ்வளவு நடந்தும் ஏன் சட்டத்தை மாத்த மாட்டேங்கிறாங்க?"

மாற்றுகிறார்கள். ஆனால் நீங்கள் பார்க்கும் இடத்தில் அல்ல. நம் கண் வாஷிங்டனில் இருக்கும் நாடாளுமன்றத்தின் மீதே இருக்கிறது. சட்டம் அதிகம் மாறுவதோ மாநிலத் தலைநகரங்களில்.

சிங்கப்பூரில் ஒரே நாடாளுமன்றம். ஒருவரைக் காயப்படுத்தும் நோக்கத்தில் துப்பாக்கியால் சுட்டால் மரண தண்டனை. அவ்வளவுதான், பேச்சே இல்லை. மலேசியாவில் மாநிலச் சட்டமன்றங்கள் இருந்தாலும் துப்பாக்கி விவகாரம் கூட்டரசின் கையில். அமெரிக்காவில் கதை வேறு. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டமே தருகிறது. அதன்மேல் மத்திய அரசு சில அடிப்படை விதிகளை வைத்திருக்கிறது. உதாரணத்துக்கு, உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆக வேண்டும். நீளத் துப்பாக்கிக்கு 18 போதும். அதற்கு மேல் என்ன கட்டுப்பாடு, எவ்வளவு கட்டுப்பாடு என்பதை 50 மாநிலங்களும் தனித்தனியாக முடிவு செய்கின்றன.

மாநிலச் சட்டமன்றம் என்றால் சாதாரண ஆளும் போய்ப் பேச முடியும். அங்கேதான் விஷயம் சூடாகிறது.

700 கிலோமீட்டர் பேருந்துப் பயணம்

2018 பிப்ரவரி 14. ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட் நகரில் மார்ஜரி ஸ்டோன்மன் டக்லஸ் உயர்நிலைப் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் 14 பேர் மாணவர்கள். சுட்டவனுக்கு வயது 19. அந்தத் துப்பாக்கியை அவன் 18 வயதில் சட்டப்படியே கடையில் வாங்கியிருந்தான்.

ஒரு வாரத்துக்குள் சுமார் 100 மாணவர்கள் பேருந்துகளில் ஏறி மாநிலத் தலைநகர் டாலஹாசிக்குப் போனார்கள். தூரம் கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். இங்கிருந்து கோலாலம்பூருக்குப் போய்த் திரும்பும் தூரம்னு வச்சுக்குங்க.

ஏன் அவ்வளவு தூரம்? பக்கத்திலேயே நகர மன்றம் இருக்கிறதே? 1987இல் ஃபுளோரிடா ஒரு சட்டம் போட்டது: துப்பாக்கி பற்றி மாநிலம் மட்டுமே விதி வகுக்கலாம், நகரங்களும் வட்டாரங்களும் கை வைக்கக் கூடாது. 2011இல் அதற்குப் பல்லும் முளைத்தது. மீறும் உள்ளூர் அதிகாரிகளுக்கு 5,000 டாலர் வரை அபராதம். ஆகவே பார்க்லேண்ட் மேயரே நினைத்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

இன்னொரு அவசரமும் இருந்தது. ஃபுளோரிடா சட்டமன்றம் ஆண்டு முழுக்கக் கூடுவதில்லை. வழக்கமான கூட்டத்தொடர் 60 நாள்தான். அந்த ஆண்டு அது மார்ச் தொடக்கத்தில் முடிய வேண்டியது. கையில் மூன்றரை வாரம்தான். அதைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு. அதற்குள் தொலைக்காட்சிக் கேமராக்கள் வேறு ஊருக்குப் போயிருக்கும்.

மாணவர்கள் முதலில் கேட்டது அரைத் தானியங்கி ரகத் தாக்குதல் துப்பாக்கிகளுக்குத் தடை. பிப்ரவரி 20ஆம் தேதி அந்த மசோதாவை விவாதத்துக்கு எடுக்கலாமா என்று கீழவையில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 36, எதிர்ப்பு 71. முன்கூட்டியே வந்து சேர்ந்திருந்த சில மாணவர்கள் மாடத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோழர்களைப் பறிகொடுத்து ஆறே நாள். விவாதமே கிடையாது என்று அவர்கள் கண்முன்னே முடிவானது.

அப்போ தோல்விதானா?

இல்லை. மார்ச் 5இல் மேலவையில் 20-18, மார்ச் 7இல் கீழவையில் 67-50 என்ற கணக்கில் இன்னொரு மசோதா தேறியது. மார்ச் 9ஆம் தேதி ஆளுநர் ரிக் ஸ்காட் கையெழுத்திட்டார். அவர் யாரென்று நினைக்கிறீர்கள்? தேசியத் துப்பாக்கிச் சங்கம், அதாவது என்ஆர்ஏ, 'ஏ பிளஸ்' மதிப்பெண் கொடுத்திருந்த குடியரசுக் கட்சிக்காரர்.

அந்தச் சட்டப்படி எந்தத் துப்பாக்கி வாங்கவும் 21 வயது ஆகியிருக்க வேண்டும். வாங்கியதும் கையில் தரமாட்டார்கள். மூன்று நாள் காத்திருக்க வேண்டும். துப்பாக்கியைக் கிட்டத்தட்ட இயந்திரத் துப்பாக்கிபோலச் சுடவைக்கும் 'பம்ப் ஸ்டாக்' கருவிக்குத் தடை. இவற்றைவிட முக்கியமானது, 'ரெட் ஃபிளாக்' என்று அழைக்கப்படும் ஏற்பாடு. ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று காவல்துறை நீதிமன்றத்தை நாடலாம். நீதிபதி ஒப்புக்கொண்டால் 12 மாதம் வரை அவரிடமிருந்து துப்பாக்கியை வாங்கி வைக்கலாம். குடும்பத்தினர் நேரடியாக நீதிமன்றத்துக்குப் போக முடியாது, காவல்துறை வழியாகத்தான். சில மாநிலங்களில் குடும்பமே விண்ணப்பிக்கலாம்.

சரி, இதே சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. பயிற்சி பெற்ற பள்ளி ஊழியர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்ற திட்டம். மாணவர்களைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட பயிற்றுவிப்பாளர் ஏரன் ஃபைஸின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பள்ளிக்குள் இன்னும் துப்பாக்கியா என்று மாணவர்கள் பலர் கொதித்தார்கள். முதலில் பாடம் மட்டும் நடத்தும் ஆசிரியர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. மறு ஆண்டே அவர்களுக்கும் கதவு திறந்துவிடப்பட்டது.

என்னைக் கேட்டால், இந்தக் கதையில் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். கேட்டதில் பெரியது கிடைக்கவில்லை. கேட்காதது கூடவே வந்தது. உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் மசோதாவை ஆதரித்தன. கையெழுத்தானபோது பெற்றோர் சிலர் ஆளுநர் பக்கத்தில் நின்றார்கள். இடதுபக்கம் இருந்த உறுப்பினர்கள் பலர் 'ஆசிரியருக்குத் துப்பாக்கி' என்பதற்காகவே எதிர்த்து வாக்களித்தார்கள். யார் சரி? நீங்களே சொல்லுங்கள். ஆனால் ஒன்று. ஃபுளோரிடாவில் 20 ஆண்டுகளுக்கும் மேலாகத் துப்பாக்கி விதிகள் தளர்ந்துகொண்டே வந்தன. அந்த ஓட்டம் முதன்முறையாகத் திரும்பியது.

உள்ளே போய் என்னதான் செய்வார்கள்?

ஊர்வலம், முழக்கம் எல்லாம் படத்துக்கு நன்றாக இருக்கும். பாதி வேலை நடப்பது குழு அறையில். மசோதா முதலில் ஒரு குழுவுக்குப் போகும். அங்கே பொதுமக்கள் பேசலாம். ஆளுக்கு இரண்டு, மூன்று நிமிடம். கூட்டம் அதிகமானால் ஒரு நிமிடமாகக் குறைத்துவிடுவார்கள். பல மணிநேரம் பயணம் செய்து வந்தவருக்கு 60 வினாடி!

ஃபுளோரிடாவில் ஒரு சின்ன அட்டை தருவார்கள். பெயர், மசோதா எண், ஆதரவா எதிர்ப்பா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பேசத் தயக்கமா? 'பேசவில்லை, ஆதரிக்கிறேன்' என்று குறித்தால் தலைவர் அதையும் வாசிப்பார். பதிவேட்டில் ஏறும்.

பழக்கப்பட்ட அமைப்புகள் இந்த நுணுக்கத்தைத்தான் சொல்லிக்கொடுக்கின்றன. 2012இல் சேண்டி ஹூக் தொடக்கப்பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு ஒரு தாயார் ஃபேஸ்புக்கில் தொடங்கிய பக்கம், இன்று 'மாம்ஸ் டிமாண்ட் ஆக்‌ஷன்' என்ற நாடளாவிய இயக்கம். சிவப்புச் சட்டை அவர்களின் அடையாளம்.

எதிர்த் தரப்பும் குடிமக்கள்தான்

இதை மறந்துவிட்டால் அமெரிக்க நிலவரமே புரியாது. துப்பாக்கி உரிமைக்காக நிற்பவர்கள் எல்லாரும் நிறுவனங்களின் கைப்பாவைகள் என்று நினைக்காதீர்கள்.

வெர்ஜினியாவைப் பாருங்கள். 2019 மே மாதம் வெர்ஜினியா பீச் நகரில் 12 பேர் கொல்லப்பட்டனர். ஆளுநர் ரால்ஃப் நோர்த்தம் ஜூலையில் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். அப்போது பெரும்பான்மையில் இருந்த குடியரசுக் கட்சியினர் ஒன்றரை மணிநேரத்தில் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டுப் போனார்கள். கோபம் வாக்குச்சீட்டில் தெரிந்தது. நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி இரு அவைகளையும் பிடித்தது.

உடனே மறுபக்கம் எழுந்தது. 90க்கும் மேற்பட்ட வட்டாரங்கள் புதிய துப்பாக்கிச் சட்டங்களை ஏற்க மாட்டோம் என்ற பொருளில் தீர்மானம் போட்டன. வெர்ஜினியாவில் மார்ட்டின் லூதர் கிங் தினம் மக்கள் தங்கள் பிரதிநிதிகளைப் போய்ப் பார்க்கும் நாள். விடுமுறை என்பதால் வேலைக்கு லீவு போட வேண்டாம். 2020 ஜனவரி 20 அன்று ஆரஞ்சு நிற ஒட்டுவில்லைகளைக் குத்திக்கொண்டு சுமார் 22,000 பேர் ரிச்மண்டில் கூடினார்கள். தலைநகர வளாகத்தில் ஆயுதத்துக்குத் தடை. வெளியே வீதியில் பலர் துப்பாக்கியோடே நின்றார்கள். ஒரு தோட்டாகூடச் சுடப்படவில்லை.

விளைவு? கலவையானது. துப்பாக்கி விற்பனைக்குப் பின்னணிச் சோதனை, மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கி, ரெட் ஃபிளாக் ஆகியவை சட்டமாயின. ஆனால் தாக்குதல் துப்பாக்கித் தடை, கீழவையில் 51-48 என்று தப்பிப் பிழைத்து, மேலவைக் குழுவில் 10-5 என்று முடங்கியது. ஜனநாயகக் கட்சி உறுப்பினர் நால்வரே அதை ஒத்திப்போட வாக்களித்தனர். அந்த 22,000 பேரின் சத்தம் அவர்கள் காதிலும் விழுந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

சட்டமன்றத்தையே தாண்டிப் போகலாமா?

சில மாநிலங்களில் முடியும். வாஷிங்டன் மாநிலத்தில் (தலைநகர் அல்ல, மேற்குக் கரையில் சியாட்டல் இருக்கும் மாநிலம்) சட்டமன்றம் தயங்கியபோது மக்கள் கையெழுத்துத் திரட்டிப் பின்னணிச் சோதனை விதியை நேரடி வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தனர். 2014இல் 59 விழுக்காட்டினர் ஆதரித்தனர். சுவாரஸ்யம் என்னவென்றால், அதே வாக்குச்சீட்டில் அதற்கு நேர் எதிரான இன்னொரு மக்கள் முன்மொழிவும் இருந்தது. அது தோற்றது.

ஃபுளோரிடாவிலும் தாக்குதல் துப்பாக்கித் தடைக்காக அப்படி முயன்றார்கள். 2020இல் மாநில உச்ச நீதிமன்றம், வாக்குச்சீட்டு வாசகம் வாக்காளரைத் தவறாக வழிநடத்தும் என்று நிறுத்திவிட்டது.

ஜெயித்தாலும் முடிவதில்லை

ஆளுநர் ஸ்காட் கையெழுத்திட்ட அன்றே என்ஆர்ஏ வழக்குப் போட்டது. 21 வயது விதி அரசமைப்புக்கு எதிரானது என்பது வாதம். ஏழு ஆண்டு இழுத்த பிறகு, 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 8-4 என்று விதியை உறுதிப்படுத்தியது. மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியோ, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனால் அந்த விதிக்காக வாதாட மாட்டேன் என்று அறிவித்தார். தன் மாநிலச் சட்டத்துக்கே!

இதற்கிடையே வயதை மறுபடி 18ஆகக் குறைக்கும் மசோதாவை 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளிலும் ஃபுளோரிடா கீழவை நிறைவேற்றியது. மூன்று முறையும் மேலவை அதை வாக்கெடுப்புக்கு எடுக்காமலேயே கூட்டத்தொடர் முடிந்தது. 2018இல் மாணவர்களுக்கு எதிராக ஓடிய அதே 60 நாள் கடிகாரம், இப்போது அவர்கள் பெற்ற சட்டத்தைக் காப்பாற்றி வருகிறது.